வேஷம் கலையாதவளுக்கு ஒரு பொத்தான்

ஜூன் 11, இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ நலமா? கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் எழுதிவிட்டேன்.

சமையலறையில் கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் பூட்டுக்கடையில் சாவிக்கொத்தோடு விற்கும் குட்டி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் எச்சில் பட்டிருந்தால் திட்டாதே.

சோடாபுட்டி வீட்டுக்கு நீ அனுப்பிய அட்டை கிடைத்தது. கணக்கு வகுப்பில் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துத் தள்ளிவிட்டாள். இனிமேலும் அங்கேயே அனுப்பு. அவள் வீட்டில் யாருக்கு வந்த கடிதத்தையும் வேறு யாரும் பிரிக்க மாட்டார்களாம். அப்படியும் வீடுகள் இருக்கின்றன.

நீ போன பிறகு உன் கட்டிலை அப்பா கழற்றிவிட்டார். அந்த இடத்தில் வெட்டாத சாவிப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார். உன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் இருந்த உள்தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றினார். குளியலறையில் இருந்ததையும்தான். அம்மா ஏன் என்று கேட்டாள். "வீட்டுக்குள்ள யாருக்கு யாரைப் பார்த்துப் பயம்? தாழ்ப்பாள் எதுக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்கு வருபவர்களிடம் பேசுவாரே, அந்தக் குரலில் சொன்னார்.

அம்மாவைப் பற்றி உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எழுதலாமா என்று சொல். எழுதுகிறேன்.

நம் பகடை விளையாட்டுக் கதை பாதியில் நிற்கிறது. என் திருடி எட்டுவிரலி இன்னும் கோட்டை மதில்மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குக் கால் மரத்துப்போயிருக்கும்.

உன் தங்கை


ஜூன் 19

அடியே வாண்டு,

உன் கடிதத்தைப் படித்ததும் இங்கே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். என் ஊர்த் திருடி கடிதம் போட்டிருக்கிறாள் என்றேன்.

வேலை பரவாயில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள்தான் என் பொறுப்பு. ஈரமாக வருவதை நெட்டையும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்து உதறி, நீராவி உருளைக்குள் விட வேண்டும். மறுபக்கம் அப்பளம்போல வரும். நெட்டை என் அறைத் தோழன். அவனுக்கு உதறத் தெரியாது, கொட்டாவி விடத்தான் தெரியும். அறையில் இன்னொருவர் ஆம்புலன்ஸ் டிரைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் காலி சோப்பு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு மூன்று பேரும் விளையாடுகிறோம். கதையை நடத்துவது நான்தான், வேறு யார்?

பொத்தான் விதியை இவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும், தன் பாத்திரம் எப்படிப் பேசுமோ அப்படியே வேஷம் கலையாமல் பேசுகிறவருக்கு ஒரு பொத்தான். பகடை மோசமாக விழுந்தால் அந்தப் பொத்தானைக் கொடுத்துவிட்டு மறுபடி உருட்டிக்கொள்ளலாம். டிரைவர் போலிச் சாமியாராக ஆடுகிறார். பொத்தானுக்காக நெட்டையின் காதில் விபூதி ஊதிவிட்டார். நம் அம்மா கொள்ளைக்காரியாக ஆடியது நினைவிருக்கிறதா? வண்டியை மறித்துக் கத்தியை நீட்டிவிட்டு, "சாப்ட்டீங்களாப்பா?" என்று கேட்டாளே. கடைசிவரை அவளுக்கு ஒரு பொத்தான்கூட என்னால் கொடுக்க முடியவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். வீட்டுச் சங்கதிகளைக் கடிதத்தில் எழுதாதே. அப்பா கையில் சிக்கினால் உன்னைத்தான் உலுக்குவார். அவருக்குக் கண்ணில் விழுந்த துரும்பு நான். அடியும் எனக்குத்தான் விழுந்தது. துரும்பு போய்விட்டது, இனி வீட்டில் சத்தம் இருக்காது. அம்மாவுக்கு மூட்டுவலிதானே? வெந்நீர் ஒத்தடம் கொடு.

அதனால் புதுச் சட்டம்: இனி நம் கடிதங்களில் விளையாட்டு மட்டும். நீ எட்டுவிரலியாகவே எழுத வேண்டும். ஒரு வரிகூட என் தங்கையாக எழுதக் கூடாது. வேஷம் கலையாத கடிதத்துக்குப் பொத்தான் உண்டு. தொடக்கத்துக்கு ஒன்றை இதிலேயே ஒட்டியிருக்கிறேன், ஒரு பெரிய டாக்டரின் கோட்டிலிருந்து சலவையில் விழுந்தது.

எட்டுவிரலியைப் பற்றி நீயே எழுதி வைத்ததை மறக்காதே. அவள் அஞ்ச மாட்டாள், அழ மாட்டாள், யாரிடமும் உதவி கேட்க மாட்டாள்.

கதை: மதிலில் இருந்து இறங்கிவிட்டாய். கோட்டைக் காவலரின் வீட்டில் வேலைக்காரியாக நுழைந்திருக்கிறாய். சுரங்கத்தின் சாவி அவரிடம்தான் இருக்கிறது. அந்த வீட்டில் என்ன பார்க்கிறாய்? என்ன செய்கிறாய்?

அன்புடன்,
கதை நடத்துபவன்


ஜூலை 1, இரவு

கதை நடத்துபவருக்கு எட்டுவிரலி எழுதுவது,

காவலரின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அவர் எல்லாச் சாவிகளையும் இடுப்பில் தொங்கவிட்டிருக்கிறார். அவர் எந்த அறையில் இருக்கிறார் என்பதைச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். சத்தம் நின்றுவிட்டால்தான் கஷ்டம். எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அவருடைய மனைவி எனக்குச் சாப்பாடு போடுகிறாள். தான் சாப்பிட்டாளா என்று சொல்வதில்லை. கோடைக்காலத்திலும் முழுக்கை ரவிக்கை போடுகிறாள். தெருவில் யாராவது அவளைக் கூப்பிட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கிறாள்.

நேற்று நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சாவிச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. "அவ இன்னைக்கு யார்கூடப் பேசினா?" என்று காவலர் கேட்டார். யாரோடும் பேசவில்லை என்றேன். நம்பிவிட்டார். அவர் போன பிறகும் என் கை வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த வீட்டுக்கு யாராவது வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். உனக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அனுப்பு.

எட்டுவிரலி


ஜூலை 9

அடியே எட்டுவிரலி,

வீட்டு வர்ணனை எல்லாம் பிரமாதம். சாவிச் சத்தம் நல்ல யோசனை, அப்பாவின் கடையில் இருந்துதானே சுட்டாய்? திருடியல்லவா! ஆனால் பொத்தான் கிடையாது.

கை நடுங்கியதாம்! யாராவது வந்தால் நன்றாக இருக்குமாம்! இது எட்டுவிரலி பேசும் பேச்சா? இரண்டு விரலை வெட்டியபோது, "மிச்சம் எட்டு இருக்கு, போ" என்று சொன்னவள் அவள். ஆறாம் வகுப்பில் நீதானே எழுதினாய்? நெட்டையிடம் படித்துக் காட்டினேன். "உன் தங்கச்சி பேய்க்கதை எழுதப் போயிட்டாளா?" என்கிறான்.

பயம் வந்தாலும் எழுதாதே. எட்டுவிரலி என்ன செய்வாளோ அதைச் செய். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள். பார்த்ததைப் பார்த்தபடி சொல். அப்புறம் பார், பொத்தான் தானாக வரும்.

உனக்காக இங்கே பகடை உருட்டினேன், நான்கு விழுந்தது. காவலருக்கு உன்மேல் சந்தேகம் வரவில்லை. அவருடைய நம்பிக்கையைச் சம்பாதி. மேலே எழுது.

கதை நடத்துபவன்


ஜூலை 22, இரவு

கதை நடத்துபவருக்கு எட்டுவிரலி எழுதுவது,

காவலரின் நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டேன். வீட்டில் நடப்பதை என்னிடம்தான் கேட்கிறார். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று காவலரின் மனைவியிடம் பேசினாள். சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. காவலர் நேரம் கெட்ட நேரத்தில் வந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் போய்விட்டாள்.

"என்ன சிரிப்பு?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. அவங்க பையன் பல்லு விழுந்த கதையைச் சொன்னாங்க."

"சொல்லு, நானும் சிரிக்கிறேன்."

அவள் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை. பிறகு வாசல் கதவைச் சாத்தினார். அவளுடைய கை கதவு நிலையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். மெதுவாகத்தான் சாத்தினார். கடைசி வரைக்கும் சாத்தினார்.

நான் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் கத்தவில்லை, அதனால் நானும் கத்தவில்லை. அவர் கடைக்குப் போனதும் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். மூன்று விரல். நகம் முதலில் சிவப்பாக இருந்தது, சாயங்காலம் கறுத்துவிட்டது. தரையைத் துடைத்தேன். நிலையையும் துடைத்தேன். மரத்தின் பிளவுக்குள் கொஞ்சம் போயிருந்தது, அதைக் குச்சியால் எடுத்தேன். பிறகு எனக்குப் பசித்தது. சாப்பிட்டேன்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கை நடுங்கவில்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை.

எட்டுவிரலி


ஜூலை 30

என் தங்கத் திருடியே,

இதுதான்! இதைத்தான் கேட்டேன்! உன் கடிதத்தை டிரம்மைச் சுற்றி உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். முடிக்கும்வரை நெட்டை கொட்டாவிகூட விடவில்லை. டிரைவர் மட்டும், "நகம் அப்படித்தான் கறுக்கும், நான் ஏத்திட்டு வர்ற கேஸ்ல பார்த்திருக்கேன். உன் தங்கச்சிக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். "அவ மூளையே மூளை" என்றேன். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? "பிறகு எனக்குப் பசித்தது" என்ற இடத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இப்படி வேஷம் கலையாமல் இதுவரை யாரும் என்னிடம் ஆடியதில்லை.

இரண்டு பொத்தான் கொடுக்கலாம் என்று எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஆனால் கோட்டைக்குள் ஏதடி கேஸ் சிலிண்டர்? ஃப்ரிட்ஜ் வேறு! நெட்டை விழுந்து விழுந்து சிரித்தான். அந்தத் தப்புக்கு ஒன்றைக் கழித்துக்கொண்டு ஒன்று அனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை விறகு அடுப்பு என்று எழுது.

இன்னொன்று. காவலரின் மனைவியை விடு. அவள் கதையில் ஓரமாக வருகிறவள்தான். அவளையே பார்த்துக்கொண்டிருந்தால் சுரங்கச் சாவியை எப்போது எடுப்பாய்?

பெருமையுடன்,
கதை நடத்துபவன்


ஆகஸ்ட் 5, இரவு

அண்ணா,

அந்த சிலிண்டர் நம் வீட்டு சிலிண்டர். அந்த ஃப்ரிட்ஜும் நம் வீட்டு ஃப்ரிட்ஜ்தான்.

கதவு நம் வாசல் கதவு. விரல் அம்மாவின் விரல். வலது கை.

நீ போன பிறகு சத்தம் இல்லை என்பது சரிதான். அம்மா சத்தம் போடுவதில்லை. நீ இருந்தபோதும் போட்டதில்லை. உன்னை அடித்த சத்தத்தில் அது உனக்குக் கேட்டிருக்காது.

மறுநாள் அப்பாவே எங்களைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் அம்மாவிடம் எப்படி ஆனது என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். "காத்துல கதவு சாத்திக்கிச்சு டாக்டர். நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றேன். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். டாக்டர் நம்பிவிட்டார். அப்போது எனக்கு ஒரு பொத்தான் கிடைத்ததுபோல இருந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வரும் வழியில் அப்பா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். "சமத்து" என்றார். சாப்பிட்டேன். இனிப்பாக இருந்தது.

வகுப்பு டீச்சர், ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டபோதும் எட்டுவிரலிதான் பதில் சொன்னாள். சோடாபுட்டி என் கையைக் கிள்ளிப் பார்த்தாள். "வலிக்கலையாடி?" என்றாள். வலிக்கவில்லை. அவள் பயந்துபோய்த் தன் கையையும் கிள்ளிப் பார்த்துக்கொண்டாள்.

நேற்று அப்பா கடையிலிருந்து புதுத் தாழ்ப்பாள் ஒன்று கொண்டுவந்தார். உள்ளே போடத்தான் என்று நினைத்தேன். சமையலறைக் கதவுக்கு வெளிப்பக்கமாக வைத்துப் பென்சிலால் குறி போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை திருகுவார்.

அண்ணா, வா. அல்லது யாரையாவது அனுப்பு. எட்டுவிரலி உதவி கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் கேட்கிறேன். எத்தனை பொத்தான் வேண்டுமானாலும் கழித்துக்கொள்.

உன் தங்கை


ஆகஸ்ட் 9

என் கண்ணு,

உன் கடிதம் சாயங்காலம் வந்தது. நான் எழுதியதை எல்லாம் நினைத்தால் எனக்கு என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதைப் பற்றி இப்போது எழுதி உன் நேரத்தை வீணாக்க மாட்டேன். செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். இதை அஞ்சலில் விடவில்லை. டிரைவர் அந்தப் பக்கமாக ஒரு நோயாளியை இறக்கிவிடப் போகிறார், சோடாபுட்டி கையில் கொடுத்துவிடுவார்.

சித்தியிடம் போனில் பேசிவிட்டேன். அம்மாவை அவள் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது, அப்பா விட்டதில்லை. நான் முடிப்பதற்குள், "கூட்டிட்டு வாடா முதல்ல, மத்தது அப்புறம்" என்றாள். அவளுடைய ஜெராக்ஸ் கடைக்கு மேலேதான் வீடு. இடம் சின்னது, ஆனால் அவள் இருக்கிறாள்.

அம்மாவுக்குக் கட்டு மாற்ற அடுத்து என்றைக்குப் போக வேண்டும் என்று சோடாபுட்டி வீட்டு போனிலிருந்து சொல். என் எண் தாளின் பின்பக்கம் இருக்கிறது. அன்றைக்கு அப்பா கூட வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா? முடியாவிட்டால் விட்டுவிடு, வேறு வழி பார்க்கலாம், நீ எதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. கிளினிக்கின் பின்வாசலில் வெள்ளை வேன் நிற்கும். நானும் டிரைவரும் இருப்போம். உன் பள்ளிச் சான்றிதழ்களையும் அம்மாவின் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொள். வேறு எதுவும் வேண்டாம்.

அம்மா வர மாட்டேன் என்பாள். நீ அவளிடம், அண்ணன் சாப்பிடாமல் வாசலில் நிற்கிறான் என்று சொல். வருவாள்.

அண்ணன்


செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பகலில் எழுதுகிறேன். சித்தியின் கடையில், மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் சூடாக இருக்கிறது. எழுதும்போது யாரும் என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. சித்தி மட்டும், "தாள் வேணும்னா எடுத்துக்கோ, ஒரு பக்கம் அச்சான தாளா எடு" என்றாள்.

அம்மா நன்றாக இருக்கிறாள். முதல் வாரம் முழுக்கத் தூங்கினாள். இப்போது சித்தியோடு சண்டை போடுகிறாள், பாத்திரம் யார் தேய்ப்பது என்று. சித்தி அவளைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் புகார் எழுதிக் கொடுக்க வைத்தாள். என்னிடமும் கேட்டார்கள். கதவைச் சாத்தியது யார் என்று சொன்னேன். அதற்கு அப்புறம் ஒரு நாள் அப்பா இங்கே வந்தார். சித்தி கடை வாசலிலேயே நிறுத்தி, "உங்க பேரு ஸ்டேஷன்ல இருக்கு. பேசணும்னா அங்க போய்ப் பேசுங்க" என்றாள். கை காலெல்லாம் உதறியதாம், அப்புறம் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். நான் மேலே ஜன்னலில் இருந்து பார்த்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நீ கோபமாகப் போனாய் என்று அம்மா சொல்கிறாள். சித்தி, கோபம் இல்லை, அழுதுகொண்டே போனான் என்கிறாள்.

கிளினிக்குக் கிளம்பிய அன்று காலையில் நடந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. அப்பா ஏதோ ஒரு விடுதியில் எல்லாப் பூட்டையும் மாற்றப் போக வேண்டியிருந்தது. "கட்டு மாத்த நான் கூட்டிட்டுப் போறேன்ப்பா" என்றேன். "பையில என்ன?" என்றார். "பரீட்சைப் புஸ்தகம். அங்க ரொம்ப நேரம் உட்காரணும்" என்றேன். அவர் பையைத் திறந்து பார்க்கவில்லை. "சமத்து" என்றார். சான்றிதழ்கள் புத்தகத்துக்குள் இருந்தன. அம்மாவின் இடது கையை நான் பிடித்துக்கொண்டேன். தெருமுனைவரை நான் வேகமாக நடக்கவில்லை.

வேனில் ஏறியதும் நீ அழுதாய், அம்மா அழுதாள். டிரைவர், "சைரன் இல்லாம ஓட்டவே வரமாட்டேங்குதும்மா" என்று சொல்லி வாயாலேயே சைரன் ஊதினார். எல்லோரும் சிரித்தீர்கள். நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். உன் சட்டையில் சலவை சோப்பு வாசனை வந்தது. அதை மட்டும் கவனித்தேன். நீ விடும்வரை அசையாமல் இருந்தேன். முடிந்துவிட்டது, இனி வேஷம் தானாகக் கலைந்துவிடும் என்று நான் நினைத்தேன். கலையவில்லை. சித்தி வீட்டு மாடிப்படி ஏறும்போது, இப்போது கலையும் என்று நினைத்தேன். தூங்கி எழுந்தால் கலையும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பகடையைக் கொண்டுவந்தாய். என்னைச் சிரிக்க வைக்கத்தான் கொண்டுவந்தாய் என்று எனக்குத் தெரியும். "வா, திருடி சுரங்கத்துக்குள்ள போயிட்டா, மேல என்ன பண்றா சொல்லு" என்றாய். சொன்னேன். நீ கேட்டதற்கெல்லாம் சொன்னேன். நீ ஒரு பொத்தானை என் முன்னால் வைத்துவிட்டு, "நல்லா ஆடறே" என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டாய். திரும்பி வரும்போது செருப்பைக்கூட மாற்றி மாட்டியிருந்தாய்.

அண்ணா, நான் ஆடவில்லை. நான் அப்படித்தான் இருந்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வந்தால் எழுதுகிறேன், அதுவும் வரலாம் என்று சித்தி சொல்கிறாள். அவள் சொன்னது: "வரட்டும், வந்தா நல்லாத் திட்டு, அவன் வாங்கிக்குவான்." நீ எப்படி விளையாடுவது என்று சொல்லிக்கொடுத்தாய். நிறுத்துவது எப்படி என்று உனக்கும் தெரியாது போலிருக்கிறது. அதனால் அடுத்த முறை வரும்போது ஒன்றும் கொண்டுவராதே. சும்மா வா. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நீயும் உட்கார்ந்திரு. உனக்கு அது கஷ்டம். நெட்டையைக் கேள், கொட்டாவி விடக் கற்றுத்தருவான்.

இன்று காலையில் ஒன்று நடந்தது. அதையும் எழுதிவிட்டு முடிக்கிறேன்.

புதுப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். கிளம்பும் அவசரத்தில் ஷூவுக்குள் காலை விட்டேன். உள்ளே ஏதோ அசைந்தது. கரப்பான். என் விரலுக்கும் சாக்ஸுக்கும் நடுவில் ஓடியது. நான் "சித்தீ!" என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். சித்தி தோசைக்கரண்டியோடு ஓடி வந்தாள், அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள், கீழே ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் யாரோ பாதிப் படிவரை வந்துவிட்டார். ஷூவை உதறினேன், அது விழுந்தது, சித்தி ஒரே போடாகப் போட்டாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மூச்சு வாங்கியது. கை நடுங்கியது, நானே பார்த்தேன். பிறகு அழ ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது, வேன்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார், நான் அழுதுகொண்டே இருந்தேன். அம்மா ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் நகம் முளைக்காத கையை என் முதுகில் வைத்துக்கொண்டாள். சித்திக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அடியே, அதான் செத்துப்போச்சுல்ல," என்றாள். "இன்னும் எதுக்குடி அழுற?"

உன் தங்கை